கொழும்பு 6, கொழும்பு 13: இலவசக் கல்வி எட்டிய தூரமும் எட்டாத தூரமும்

வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில் பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை. இரண்டும் தலைநகரில் தமிழர் செறிந்து வாழும் பகுதிகள். இரு இடத்துப் பிள்ளைகளும் அரசாங்கம் இலவசமாகத் தரும் ஒரே பாடநூலைப் படிக்கிறார்கள், ஒரே க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுகிறார்கள். பல்கலைக்கழக அனுமதி என்று வந்தால் இருவரும் கொழும்பு மாவட்டத்துக்குரிய ஒரே வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டும். ஆனால், காலி வீதியை ஒட்டிய தொடர்மாடியில் தனி மேசையும் இணைய வசதியும் உள்ள பிள்ளையும், புளூமெண்டால் வீதிப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒற்றை அறைக்குள் குடும்பத்தோடு முடங்கிப் படிக்கும் பிள்ளையும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்குவதில்லை. வெள்ளவத்தையிலும் வறியவர்கள் இருக்கிறார்கள், கொட்டாஞ்சேனையிலும் வசதி படைத்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் ஊரின் பெயரையோ மாவட்டத்தின் பெயரையோ வைத்து ஏற்றத்தாழ்வை அளப்பது போதாமல் போகிறது.

கல்வியில் ஏற்றத்தாழ்வைக் குறைப்பதற்கு இலங்கை எண்பது ஆண்டுகளாகச் செய்துவந்தவற்றில் எவை பலித்தன, எவை பாதிவழியில் நின்றன, எவை புதிய காயங்களை உண்டாக்கின? பிற நாடுகளில் முறையாக ஆராய்ந்து கண்டவற்றில் கொழும்பின் வகுப்பறைக்குப் பொருந்துபவை எவை? இந்தக் கேள்விகளை ஒருசேர வைத்துப் பார்க்க வேண்டிய காலம் இது.

திறந்த கதவு

தொடக்கம் பெரிய வெற்றி. அரசாங்க சபையில் கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் தன் அறிக்கையைத் தந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லாக் கல்வி என்ற கொள்கை 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதுவரை நல்ல இடைநிலைக் கல்வி என்பது ஆங்கிலம் கற்பித்த, கட்டணம் வாங்கிய நகரப் பாடசாலைகளின் சொத்தாக இருந்தது. கிராமங்களில் 50க்கும் மேற்பட்ட மத்திய மகா வித்தியாலயங்கள் விடுதி வசதியோடு எழுந்தன. தாய்மொழியில் கற்பிப்பதும் படிப்படியாக வேரூன்றியது. 1980 முதல் இலவசப் பாடநூல்களும், 1993 முதல் இலவசச் சீருடைத் துணியும் வந்து சேர்ந்தன.

இவற்றின் பயன் கண்கூடு. ஆரம்பப் பாடசாலைக்கு ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் போகிறார்கள். பல்கலைக்கழகங்களில் இன்று ஆண்களைவிடப் பெண்களே அதிகம். வருமானத்தில் இலங்கையை ஒத்த நாடுகள் பல இந்த இடத்தை எட்டப் பல தசாப்தங்கள் பிந்தின. இவற்றுக்கெல்லாம் பொதுவான தன்மை ஒன்று உண்டு. யாரையும் தெரிவு செய்யவில்லை, யாரையும் தள்ளிவைக்கவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்தன.

மலையகம் இதில் பிந்தியே இணைந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல்தான். அதன் பின்னர் சுவீடனின் உதவியோடு கட்டடங்களும், ஜெர்மனியின் உதவியோடு கொட்டகலைக்கு அருகே பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் அமைந்தன. தோட்டத்தில் பிறந்தவர்களே பயிற்சி பெற்று ஆசிரியராகத் திரும்பினார்கள். வெளியூர் ஆசிரியர் நியமனம் பெற்ற கையோடு இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கும் வழக்கத்துக்கு இதைவிட நல்ல மாற்று அங்கே கிடைக்கவில்லை. கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, முகத்துவாரம் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் கணிசமானவை மலையகத்திலிருந்து வந்தவை. ஆகவே அங்கே நடந்தது கொழும்புக்கும் நெருக்கமான கதைதான்.

முதலாந்தரத்தின் கோப்பு

பாடசாலை இலவசம். ஆனால் எந்தப் பாடசாலை என்பதுதான் கேள்வி. நாட்டில் சுமார் 10,000 அரசாங்கப் பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை பத்தில் ஒரு பங்கு அளவே. மத்திய அமைச்சின் கீழ் வரும் தேசிய பாடசாலைகள் சுமார் 400. மறு கோடியில், 100 மாணவருக்கும் குறைவாக உள்ள பாடசாலைகள் ஏறத்தாழ 3,000. பெற்றோர் முதலாந்தர அனுமதிக்காக முட்டி மோதுவதற்கு இந்த இடைவெளியே காரணம்.

அனுமதிச் சுற்றறிக்கை தரும் பங்கீட்டைப் பாருங்கள். பாடசாலைக்கு அருகில் வசிப்போருக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25 வீதம், ஏற்கெனவே அங்கே படிப்போரின் தம்பி தங்கையருக்கு 15 வீதம், எஞ்சியது கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்ற உத்தியோகத்தர், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் ஆகியோருக்கு. அண்மைக் காலம் வரை பின்பற்றப்பட்ட விகிதம் இது. தாயோ தந்தையோ நல்ல பாடசாலையில் படித்திருந்தால் அந்தப் புள்ளி பிள்ளைக்கு வாய்க்கிறது. பெற்றோர் படிக்காத வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கதவு பிறக்கும் முன்னரே மூடிவிடுகிறது.

அருகில் வசிக்கும் பிரிவு நியாயமாகத் தோன்றும். ஆனால் அதன் கோப்பைத் திறந்து பார்த்தால் வேறு கதை. வீட்டு உறுதி அல்லது பதிவு செய்த குத்தகை, ஐந்து வருட வாக்காளர் இடாப்பின் பிரதி, நீர், மின் பட்டியல்கள், கிராம உத்தியோகத்தரின் சான்று என்று ஒவ்வொன்றும் புள்ளி. கொழும்பு வடக்கின் தோட்டங்களில் பரம்பரையாக இருக்கும் குடும்பத்துக்கும் உறுதி இருப்பதில்லை. ஒரே இலக்கத்தில் மூன்று நான்கு குடும்பங்கள் இருக்கும், மின் பட்டியல் வேறொருவர் பெயரில் வரும். அட்டனிலிருந்தோ பதுளையிலிருந்தோ தொழிலுக்கு வந்து ஆமர் வீதிப் பக்கம் வாடகைக்கு இருப்பவரின் வாக்குப் பதிவு ஊரிலேயே கிடக்கும். பாடசாலை மணிச் சத்தம் கேட்கும் தூரத்தில் குடியிருந்தும் புள்ளி போதாமல் பிள்ளை வெளியே நிற்கிறது. காசுள்ளவரோ பாடசாலைக்குப் பக்கத்தில் குத்தகைக்கு வீடு எடுத்துவிடுகிறார்.

1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது சமயச் சபைகள் நடத்திய பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. கொட்டாஞ்சேனை புனித பெனடிக்ற் கல்லூரி போன்ற சில வெளியே நின்றன. ஆக, ஒரே வட்டாரத்துக்குள் கட்டணப் பாடசாலை, பிரபல அரச பாடசாலை, யாரும் போட்டி போடாத அரச பாடசாலை என்று மூன்று படிகள் உண்டாகின. 2002 முதல் இடைநிலை வகுப்புகளில் இருமொழிக் கல்வி வந்தபோதும் ஆங்கிலத்தில் கற்பிக்கக்கூடிய ஆசிரியர் உள்ள முதல் இரண்டு படிகளுக்கே அது பெரிதும் போய்ச் சேர்ந்தது.

பத்து வயதில் ஒரு பரீட்சை

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை 1940களில் நல்ல நோக்கத்தோடு பிறந்தது. வறிய கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளையை மத்திய மகா வித்தியாலயத்துக்கு அழைத்துவருவதே அதன் வேலை. பலருடைய வாழ்க்கையை அது மாற்றியது. இன்றைய நிலை வேறு. வருடந்தோறும் 3 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் தோற்றுகிறார்கள். உதவிப்பணம் பெறுவோர் சுமார் 20,000 பேர். மற்றவர்கள் பிரபல பாடசாலைக்கான வெட்டுப்புள்ளிக்காகவே உட்காருகிறார்கள். தரம் 3இலேயே ரியூசன் தொடங்குகிறது. வகுப்புக்கு அனுப்ப வசதியுள்ள பெற்றோரின் பிள்ளை முந்துகிறது. வறிய பிள்ளைக்காக ஏற்பட்ட பரீட்சை, வசதியுள்ள பிள்ளைக்குப் பாடசாலை மாறும் வழியாகிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, தெரிவான பிள்ளைக்குக் கிடைக்கும் நன்மையை மட்டுமல்ல. கொட்டாஞ்சேனையின் சிறிய பாடசாலையொன்றிலிருந்து நன்றாகப் படிக்கும் நான்கைந்து பேர் தரம் 6க்கு வேறிடம் போனால் அவர்களோடு அக்கறையுள்ள பெற்றோரும் போகிறார்கள். எஞ்சிய வகுப்புக்காகக் குரல் கொடுக்க ஆளில்லை. கணித ஆசிரியர் வெற்றிடம் மாதக்கணக்கில் நிரப்பப்படாவிட்டாலும் வலயக் கல்வி அலுவலகத்தில் போய் நிற்பவர் யாருமில்லை.

பாடசாலை விட்ட பிறகு

1995/96இல் நடந்த வீட்டு வருமான செலவுக் கணக்கெடுப்பின்படி, நகரக் குடும்பங்களில் சுமார் 41 வீதமானவையே தனியார் வகுப்புக்குச் செலவிட்டன. 2016இல் அது மூன்றில் இரண்டு பங்கை நெருங்கியது. கிராமத்திலும் நிலைமை அதுவே. இருபது ஆண்டுகளில் இலவசக் கல்விக்குப் பக்கத்தில் கட்டணக் கல்வி ஒன்று முழுசாக வளர்ந்து நிற்கிறது.

வெள்ளவத்தையின் குறுக்கு வீதிகளில் மாலையிலும் சனி, ஞாயிறிலும் இதை நேரில் காணலாம். ரியூற்றரியின் பெயர்ப் பலகையில் ஆசிரியரின் பெயரும் பாடமும் பெரிதாக இருக்கும். 1983க்குப் பின்னரும் போர்க் காலம் நெடுகிலும் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள், கல்வியைத் தவிர வேறு முதலில்லை என்ற நிலையில், இந்த வகுப்புகளை வளர்த்தன. அந்த உழைப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உயர்தரத்தில் மூன்று பாடத்துக்கும் வகுப்புக்குப் போவது வழக்கமாகிவிட்டபின், போக முடியாத பிள்ளை பாடசாலையை மட்டும் நம்பித் தனியே நிற்கிறது. சில இடங்களில் பாடவிதானத்தை முடிக்கும் பொறுப்பே பாடசாலையிலிருந்து ரியூற்றரிக்கு நகர்ந்துவிட்டது.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடியபோதும், 2022இல் எரிபொருளும் கடதாசியும் இல்லாமல் வகுப்புகளும் தவணைப் பரீட்சைகளும் தடைப்பட்டபோதும் இந்த இடைவெளி விரிந்தது. கைப்பேசியும் டேட்டாவும் இருந்த வீடுகளில் சூம் வகுப்பு தொடர்ந்தது. வீட்டுக்கு ஒரேயொரு கைப்பேசி, அதையும் அப்பா வேலைக்குக் கொண்டுபோகிறார் என்ற இடங்களில் வட்ஸ்அப்பில் வந்த பாடக் குறிப்பை இரவில்தான் பார்க்க முடிந்தது. பொருளாதார நெருக்கடியின் தாக்கம் பற்றித் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2023இல் நடத்திய ஆய்வு, மாணவரில் பாதிக்கும் மேற்பட்டோரின் கல்வி பாதிக்கப்பட்டதாகக் கண்டது. கொப்பி, பாதணி, சீருடை வாங்குவதைக் குறைத்துக்கொள்வதே பல வீடுகள் கண்ட வழி.

மாவட்டம் என்ற அளவுகோல்

பல்கலைக்கழக அனுமதியில் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய முனைந்த கதை தமிழருக்கு வலி மிகுந்தது. 1971இல் மொழி மூலத்தை வைத்துப் புள்ளிகளைத் தரப்படுத்தினார்கள். ஒரே பீடத்துக்குத் தமிழ் மொழி மூல மாணவர் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. 1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. 1969 அளவில் மருத்துவத்திலும் பொறியியலிலும் பாதியை நெருங்கியிருந்த தமிழ் மாணவரின் பங்கு சில ஆண்டுகளுக்குள் வேகமாகச் சரிந்தது. ஒரு தலைமுறையின் மனக்கசப்பு அதிலிருந்து வளர்ந்தது.

அந்த அநீதியைச் சொல்லும்போது இன்னொரு உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாவட்டக் கோட்டாவால் வசதி குறைந்த தமிழ் மாவட்டங்களின் பிள்ளைகளும் பயன் பெற்றார்கள். மொழியை வைத்து அளந்தது பிழை. வசதியின்மையை வைத்து அளக்க முயன்றது பிழையல்ல, அளவுகோல்தான் போதாது. இன்றைய முறையில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட சனத்தொகை, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு, நுவரெலியா, பதுளை எல்லாம் அந்தப் பதினாறில் அடங்கும். கொழும்பு அடங்காது.

எனவே முகத்துவாரத்தில் நாட்கூலித் தொழிலாளியின் மகள், கொழும்பின் பிரபல பாடசாலை மாணவரோடு அதே மாவட்டப் பட்டியலில் போட்டியிடுகிறாள். மறுபக்கம், பின்தங்கிய மாவட்டமொன்றின் தலைநகர்ப் பாடசாலையில் படிக்கும் வைத்தியரின் மகனுக்கு 5 வீதப் பிரிவு திறந்திருக்கிறது. மாவட்டம் என்ற அளவுகோல் இருவரின் உண்மை நிலையையும் காட்டுவதில்லை. 

தமிழ்நாடு இதற்கு வேறொரு அளவுகோலைக் கையாண்டது. மருத்துவ அனுமதிக்கான நீட் தேர்வு வந்தபின் அரசுப் பள்ளி மாணவர் மருத்துவக் கல்லூரிகளிலிருந்து ஏறக்குறைய மறைந்துபோனார்கள். நீதிபதி கலையரசன் ஆணையத்தின் பரிந்துரையை அடுத்து, 2020இல் அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மருத்துவ இடங்களில் 7.5 வீத உள் ஒதுக்கீட்டைச் சட்டமாக்கினார்கள். அடுத்த ஆண்டு பொறியியல் முதலிய தொழிற்கல்விகளுக்கும் அது விரிந்தது. பிள்ளை எந்த ஊர் என்று கேட்காமல் எந்தப் பாடசாலையில் படித்தது என்று கேட்டதே அதன் சிறப்பு. இலங்கையிலும் பாடசாலையின் வகையும் குடும்ப வருமானமும் அனுமதிக் கணக்கில் சேர வேண்டும் என்பதற்கு இது நல்ல முன்னுதாரணம்.

ஆராய்ந்து கண்டவை

எந்த நடவடிக்கை பலிக்கிறது என்பதைச் செய்து பார்த்து அளக்கும் வழக்கம் கடந்த முப்பது ஆண்டுகளில் வலுத்தது. மெக்சிகோ 1997இல் புரோகிரேசா திட்டத்தைத் தொடங்கியபோது 506 கிராமங்களைச் சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்து, சிலவற்றுக்கு முதலிலும் சிலவற்றுக்குப் பின்னரும் உதவிப்பணம் கொடுத்து ஒப்பிட்டது. பிள்ளை ஒழுங்காகப் பாடசாலைக்குப் போனால் தாயின் கையில் பணம். இடைநிலையில் பெண் பிள்ளைக்குச் சற்றுக் கூடுதல். ஆரம்பப் பாடசாலையோடு நின்றுவிடும் பிள்ளைகள் இடைநிலைக்குப் போவது கூடியது, பெண் பிள்ளைகளில் அது மேலும் கூடியது. இலங்கையில் 2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவியும், 2025இல் வறிய பிள்ளைகளுக்கு எழுதுபொருள் வாங்கத் தந்த 6,000 ரூபாயும் இந்த வழியைச் சேர்ந்தவையே.

பாடநூல் கொடுத்தால் போதுமா? கென்யாவில் நடந்த ஆய்வு போதாது என்கிறது. அங்கே இலவசப் பாடநூலால் முன்னேறியவர்கள் ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்கள் மட்டுமே. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, பல பிள்ளைகளுக்கு அது மூன்றாம் மொழி. பின்தங்கியவர்களால் அதை வாசிக்கவே முடியவில்லை. இலங்கை தாய்மொழியில் பாடநூல் தந்தது எவ்வளவு பெரிய முடிவு என்பது இதனால் விளங்கும். ஆனால் வாசிக்கத் தெரியாமலே தரம் 6க்கு ஏறிய பிள்ளைக்குத் தமிழ்ப் பாடநூலும் எட்டாத நூல்தான்.

அந்தப் பிள்ளைக்கு என்ன செய்வது என்பதற்கு இந்தியாவிலிருந்து தெளிவான விடை கிடைத்தது. மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் என்ற தொண்டு அமைப்பு பாலசகி என்ற திட்டத்தை நடத்தியது. அந்தப் பகுதியிலேயே வாழும், இடைநிலைக் கல்வி முடித்த இளம்பெண்கள், பின்தங்கிய 3ஆம், 4ஆம் வகுப்புப் பிள்ளைகளைச் சிறு குழுவாகச் சேர்த்துத் தினமும் சுமார் இரண்டு மணிநேரம் எழுத்தும் எண்ணும் கற்பித்தார்கள். பாடத்திட்டத்தில் எந்தப் பக்கம் என்று பார்க்காமல், பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கினார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் அளந்து 2007இல் வெளியிட்ட முடிவு, மிகவும் பின்தங்கிய பிள்ளைகளே அதிகம் முன்னேறினார்கள் என்று காட்டியது. இத்தகைய ஆய்வுமுறைக்காகவே அவர்கள் மைக்கல் கிரெமருடன் 2019இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

கொரோனாவுக்குப் பின் தமிழ்நாட்டின் ‘இல்லம் தேடிக் கல்வி’ இதே வழியில் போனது. சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் மாலையில் தங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று, பாடசாலை திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அதில் சுமார் கால்வாசி இந்த மாலை வகுப்பால் வந்தது என்றும் கண்டது. வறிய பிள்ளைகளுக்கே கூடுதல் பயன்.

இலங்கையிலும் இப்படி அளந்த ஒன்று உண்டு. பாடசாலைகளுக்குத் தங்கள் அலுவல்களைத் தாங்களே தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கூட்டிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் 2006இல் தொடங்கியது. அதை ஹர்ஷ அத்துருபனே, போல் கிளூவே முதலியோர் ஆராய்ந்தார்கள். தரம் 4இல் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் முன்னேற்றம் தெரிந்தது. தரம் 8இல் தெரியவில்லை. பாடசாலையின் அடைவு பற்றிப் பெற்றோருக்கு அறிக்கை அட்டை கொடுத்ததால் மட்டும் கற்றல் உயரவில்லை. தகவல் மட்டும் போதாது, சிறு வயதிலேயே தொடங்க வேண்டும் என்ற இரண்டு பாடங்கள் இதில் இருக்கின்றன.

உணவு பற்றிய சான்றும் உறுதியானது. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். 1982இல் விரிவாக்கிய சத்துணவும், 2022இல் வந்த காலை உணவும் பிள்ளையை வகுப்பறையில் இருத்திவைக்கின்றன. இலங்கை 2024 மார்ச்சில் தரம் 1 முதல் 5 வரையான பிள்ளைகளுக்கு, சுமார் 16 லட்சம் பேருக்கு, பாடசாலை உணவை விரிவாக்கியது. தரம் 6இல் அந்தப் பசி நின்றுவிடுவதில்லை. கொழும்பு வடக்கில் பிள்ளைகள் படிப்பை விட்டு வேலைக்குப் போகத் தொடங்கும் வயதும் அதற்குப் பிந்தியதுதான்.

செய்யக்கூடியவை

எல்லாச் சான்றையும் சேர்த்துப் பார்க்கையில் ஒரு முடிவு துலங்குகிறது. எல்லாப் பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்த ஏற்பாடுகள் இடைவெளியைக் குறைத்தன. கட்டணமின்மை, தாய்மொழி, பாடநூல், உணவு, பின்தங்கியவருக்கான அடிப்படை வகுப்பு ஆகியவை அவை. ஒருசிலரைப் பொறுக்கியெடுத்து வேறிடத்துக்கு அனுப்பும் ஏற்பாடுகள் காலப்போக்கில் வசதியுள்ளவரின் கைக்கே போயின. கட்டாயக் கல்வி வயதை 2016இல் 16ஆக உயர்த்திய அரசுக்கு, அந்த வயது வரை பிள்ளை உண்மையில் கற்கிறதா என்று பார்க்கும் கடமையும் உண்டு.

இதற்கு நிதி வேண்டும். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் கல்விக்கு வேண்டும் என்று பல்கலைக்கழக ஆசிரியர்கள் 2012இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அண்மை ஆண்டுகளில் அரசின் கல்விச் செலவு 2 வீதத்தைச் சுற்றியே நிற்கிறது. ஆனாலும் பெரிய நிதி இல்லாமலே தொடங்கக்கூடியவை இருக்கின்றன. முதலாந்தர அனுமதியில் உறுதிக்கும் குத்தகைக்கும் கொடுக்கும் இடத்தை உண்மையில் குடியிருப்பதற்குக் கொடுக்கலாம். பழைய மாணவர் பங்கைக் குறைத்து அஸ்வெசும பெறும் குடும்பங்களுக்கு ஒரு பங்கை ஒதுக்கலாம். கொழும்பு வடக்கின் தமிழ் மொழி மூலப் பாடசாலைகளில் கணித, விஞ்ஞான, ஆங்கில வெற்றிடங்களை முதலில் நிரப்பி, அங்கே தொடர்ந்து பணியாற்றுவோருக்கு ஊக்குவிப்புப்படி கொடுக்கலாம்.

மாலை வகுப்புக்கு இடமும் ஆளும் கொழும்பிலேயே இருக்கின்றன. வெள்ளவத்தையில் 1942 முதல் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்கு நல்ல நூலகமும் மண்டபமும் உண்டு. கொட்டாஞ்சேனையில் 1902 முதல் விவேகானந்த சபை இருக்கிறது, தேவாலய மண்டபங்களும் கோயில் மடங்களும் இருக்கின்றன. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகவும் பல்கலைக்கழக அனுமதிக்காகவும் மாதக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகள் இரு பகுதிகளிலும் நூற்றுக்கணக்கில் உண்டு. பழைய மாணவர் சங்கங்கள் விளையாட்டு மைதானத்துக்கும் மண்டபத்துக்கும் திரட்டும் நிதியில் ஒரு பகுதியை அவர்களுக்கு மாதப்படியாகக் கொடுத்து, வாசிக்கத் தடுமாறும் தரம் 3, 4 பிள்ளைகளுக்கு அடுத்த தவணையிலேயே வகுப்பைத் தொடங்க வேண்டும். தவணை முடிவில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பந்தியைத் தடையின்றி வாசிக்கிறதா, எளிய கழித்தலும் பிரித்தலும் செய்கிறதா என்று பார்த்து எழுதிவைக்க வேண்டும். அந்தப் பதிவேட்டோடு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போனால் ஆசிரியர் கேட்கும் கோரிக்கைக்குப் பலம் வரும்.